ஐம்பது கிலோவும் இரண்டு கை மிளகும்

போன மாதம் எங்கள் முதலாளியின் மகள் நூர்ஜஹான் போன் செய்தார். இப்போது மிளகு ஏற்றுமதியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் வேலையிலிருந்து நின்று ஒரு வருடம் ஆகிறது.

"அண்ணா, ஒரு சந்தேகமுங்க. நம்ம மூட்டை எடை மட்டும் ஏனுங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி? அம்பது புள்ளி ரெண்டு ரெண்டுங்குது, அம்பது புள்ளி ரெண்டு ஆறுங்குது. மத்தவங்கல்லாம் அம்பதுன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. நமக்கு எரநூத்தி நாப்பது வரி. அத்தனையும் அடிச்சு ஏத்தறதுக்குள்ள பொழுது போயிருதுங்க. நாமளும் அம்பதாக்கிடலாமா?"

"அப்புறம் சொல்றனுங்க பாப்பா" என்று வைத்துவிட்டேன். எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் அவ்வளவாக வராது. எழுதச் சொன்னால் ஏதோ எழுதுவேன். அதனால் பதிலை எழுதுகிறேன்.

இப்போது இருக்கும் ஒற்றைச் சாளரம் என்ற ஏற்பாட்டில், வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய எல்லா அனுமதியையும் கணினியில் ஒரே இடத்தில், ஒரே தடவை கேட்டு வாங்கிவிடலாம். நூர்ஜஹானுக்கு அது தினசரி வேலை. நான் அந்தச் சாளரத்தின் முதல் கதவு திறந்தபோது எதிரில் நின்றவன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வியப்பு எனக்கு அடங்கவில்லை.

நான் கொல்லிமலையில் எடப்புளி நாட்டுக்காரன். மலைமேல் பெரிய ஊரான செம்மேட்டில் விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் வீட்டில் வசதி இல்லை. தொண்ணூற்றேழில் ரஹீம் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பாய் அடிவாரத்து ஊர்க்காரர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, காலத்திலிருந்து மலைக்கு வந்து மிளகு வாங்குகிற குடும்பம். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கிடங்கும், கிடங்கை ஒட்டி இரண்டு அறை ஆபீசும் வைத்திருந்தார். சந்தை நாளில் எடை எழுதுவது என் முதல் வேலை. அதுவரை மிளகைக் கொச்சித் தரகர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பாய், நான் சேர்ந்த வருடம்தான் தானே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைய ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் நானே அந்த ஆள் ஆனேன். டைப்ரைட்டிங் கொஞ்சம் கற்றேன். பிறகு நாமக்கல்லுக்குப் போய் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். நான் கற்ற தொழில் அவ்வளவுதான்.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும், அந்தக் காகிதத்துக்குரிய சரக்கிலிருந்து ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். காரம் ஏறும்வரை காத்திருப்பார். அதற்குப் பிறகு காகிதத்தை வரிவரியாக விரல் வைத்துச் சத்தமாகப் படிப்பார். படித்து முடிக்கும்போது கண்ணில் லேசாகத் தண்ணீர் இருக்கும். அப்போதுதான் பேனாவைத் திறப்பார். ஒரு சரக்குக்குப் பதினேழு காகிதம் என்றால் பதினேழு மிளகு. இடையில் யார் வந்து பேசினாலும் பதில் சொல்லமாட்டார். ஒரு முறை பாங்கு மேனேஜரே வந்து காத்திருந்தார்.

"என்னங்க பாய், மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இல்லீங்க. நாம எழுதியிருக்கிறதும் மூட்டைக்குள்ள இருக்கிறதும் ஒண்ணுதானான்னு பாக்கறேன்" என்றார் பாய்.

அந்தக் காலத்தில் ஒரு கண்டெய்னர் மிளகு கப்பல் ஏற, நான் பதினொரு மேசைகளைக் கடக்க வேண்டும். செடி நோய் இல்லை என்ற சான்று ஓர் ஊரில், தரச் சான்று இன்னோர் ஊரில், பாங்குப் படிவம் வேறிடத்தில். இவற்றை எல்லாம் ஒரு ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுவேன். அங்கே மட்டும் ஆறு மேசை. ஒவ்வொரு மேசையிலும் அதே பெயர், அதே முகவரி, அதே எடை, அதே மூட்டை எண்ணிக்கை. நான் எழுதியதை ஒருவர் பேரேட்டில் எழுதிக்கொள்வார். அவர் எழுதியதை அடுத்தவர் இன்னொரு பேரேட்டில் எழுதுவார். ஓர் இடத்தில் ஓர் எழுத்து மாறினால் திரும்ப முதல் மேசை.

வேலை கடினம் என்று சொல்லவில்லை. எனக்குக் கடினமாக இருந்தது அங்கே பேசுவதுதான். மேசைக்கு முன்னால் போய் "சார்" என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அவர்களாகப் பார்க்கட்டும் என்று நிற்பேன். ஒரு நாள் காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். எங்களுக்காகத் துறைமுக வேலைகளைப் பார்த்துக் கொடுத்த ஏஜென்ட் ஆபீசில் அந்தோணி என்று ஒருவர் இருந்தார். அவர் வந்து பார்த்தார்.

"என்ன வே, தூணு விழுந்துரும்னு தாங்கிக்கிட்டு நிக்கீரா?"

"கூப்பிடுவாங்கன்னு நிக்கறனுங்க."

"கூப்பிடுவாவ. உம்ம பேரன் காலத்துல கூப்பிடுவாவ. வாரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அப்படி இருக்கும்போதுதான் துறைமுகத்தில் கணினி வைத்தார்கள். சுங்க அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் குளிர்ந்த கூடம் ஒன்று. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். நாம் விவரத் தாளைக் கொடுத்தால் அடித்து, நம் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தருவார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு நம் சரக்குக்கு ஓர் எண் வரும். முதல் தடவை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, மிளகு என்ற இடத்துக்குப் பக்கத்தில் பூச்சியம் ஒன்பது பூச்சியம் நாலு என்று தொடங்கும் ஓர் எண் இருந்தது. இது என்ன என்று அந்தோணியைக் கேட்டேன்.

"அது மிளகோட நம்பர். எந்த நாட்டுக்குப் போனாலும் மிளகுக்கு மொத நாலு நம்பரு இதான். அங்க உள்ளவனுக்கு மிளகுன்னா தெரியாது. இதச் சொன்னா தெரியும்."

 எங்கள் தோட்டத்தில் மரத்தில் ஏறிக் கிடக்கிற கொடிக்கு உலகம் முழுக்க ஓர் எண் இருக்கிறது. அது எனக்கும் எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் இத்தனை நாள் தெரியாது.

சரக்குக்கான எண்ணை வாங்கிக்கொண்டு, பழைய வழக்கப்படி பையோடு அடுத்த மேசைக்குப் போனேன். தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த அதிகாரி கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "யாருங்க, கொல்லிமலை மிளகா? எல்லாம் வந்திருக்கே. நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார்.

எதுக்கு வந்தீங்க என்று கேட்டதில் அத்தனை சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். அடுத்த மேசைக்குப் போனேன். அங்கேயும் வந்திருந்தது. அதற்கடுத்த மேசையிலும் வந்திருந்தது. நான் மாடிப்படி ஏறுவதற்குள் எங்கள் மிளகு ஒவ்வொரு மேசைக்கும் போய் உட்கார்ந்திருந்தது. யாரிடமும் வாய் திறக்கத் தேவை இருக்கவில்லை. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். கைகள் இரண்டும் சும்மா இருப்பதே விநோதமாக இருந்தது.

செம்மேட்டுக்குத் திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். "முதலாளி, நான் போறதுக்கு முன்னாடியே நம்ம மிளகு அங்க போயிருச்சுங்க."

"லாரி இன்னும் மதுரையத் தாண்டலியே கண்ணு."

"மிளகு இல்லீங்க. அதோட பேரும் எடையும்."

பாய் ஒரு மிளகை வாயில் போட்டுக் கடித்தார். பிறகு, "அப்ப இனிமே பேரும் எடையும் சரியா இருக்கோணும்" என்றார். அவர் சொன்னதன் முழு அர்த்தம் அன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டு வியாபாரி கடிதம் எழுதினார். அதுவரை எங்கள் மிளகு மற்ற ஊர் மிளகோடு கலந்து, வேறு பெயரில்தான் வெளியே போகும். இவர் கொல்லிமலை மிளகு மட்டும் வேண்டும், மூட்டையில் அந்தப் பெயரே அச்சாகியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு கண்டெய்னர், இருநூற்று நாற்பது மூட்டை, மூட்டைக்கு ஐம்பது கிலோ. குறிப்பிட்ட கப்பலில் ஏற வேண்டும், தவறினால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன் என்றும் எழுதியிருந்தார். பாய் புதுச் சாக்குகளில் ஆங்கிலத்தில் மலையின் பெயரை அச்சடித்து வாங்கினார். கிடங்கில் மிளகைப் புடைத்து, சலித்து, மூட்டை பிடிக்கிற பெண்கள் எல்லாரும் எங்கள் மலைக்காரர்கள். மூத்தவர் என் அப்பாவின் தங்கை செல்லம்மா அத்தை. அத்தை அச்சடித்த எழுத்தைத் தடவிப் பார்த்து, "இதுல நம்ம மலை எங்க கண்ணு இருக்குது?" என்று கேட்டார். காட்டினேன். மற்ற பெண்களும் வந்து ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள்.

அந்த இருநூற்று நாற்பது மூட்டைகளும் லாரியில் எழுபது வளைவுகளையும் இறங்கித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தன. நானும் கூடவே போனேன். எந்தச் சரக்கைத் திறந்து பார்ப்பது என்பதை அப்போது கணினியே தேர்ந்து சொல்லும். எங்கள் சரக்கைச் சொன்னது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கப்பலுக்கான கேட்டை மூடிவிடுவார்கள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. மிளகு சுத்தமான மிளகு.

சோதிக்க வந்தவர் ஒரு பெண் அதிகாரி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் தாளைப் பார்ப்பார், பிறகு சரக்கைப் பார்ப்பார். ஆளைப் பார்க்கவே மாட்டார். எனக்கு அது பெரிய நிம்மதி. தானே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து மூட்டைகளைக் கை காட்டினார். மின்னணுத் தராசில் முதலில் வெற்றுச் சாக்கை வைத்து அதன் எடையைக் கழிக்கச் செய்தார்கள். பிறகு மூட்டையை ஏற்றினார்கள். ஐம்பது புள்ளி இரண்டு நாலு. அடுத்தது ஐம்பது புள்ளி இரண்டு மூன்று. மூன்றாவது ஐம்பது புள்ளி இரண்டு ஐந்து. பத்தும் அப்படியே. தாளில் ஐம்பது என்று இருந்தது.

அந்த அம்மா தாளை மடித்தார். "ஒரு மூட்டை கூட இருந்தா கை தவறிப் போச்சுன்னு விட்டுடலாம். பத்தும் ஒரே அளவுக்குக் கூட இருக்கு. உள்ளே என்ன வச்சிருக்கீங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. தராசு கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் கிடங்குத் தராசில் ஒவ்வொரு மூட்டைக்கும் முள் ஐம்பதில் நின்றதை நானே பார்த்து எழுதியிருக்கிறேன்.

"மிளகுதானுங்க" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"எல்லா மூட்டையையும் கொட்டிப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த சரக்குக்குப் போய்விட்டார்.

இருநூற்று நாற்பது மூட்டையைக் கொட்டி, பார்த்து, திரும்ப நிரப்பித் தைக்க இரண்டு நாளாவது ஆகும். கப்பல் போய்விடும். கணினியில் சந்தேகம் என்று ஏறிவிட்டால் அது ஒரு மேசையோடு நிற்காது. எல்லா மேசைக்கும் அதே நொடியில் போய்ச் சேரும். நான் சந்தோஷப்பட்ட அதே வேகத்தில் கொல்லிமலை என்ற பெயர் அந்தக் கட்டடம் முழுக்கச் சந்தேகமாகப் பரவும். 

அந்தோணி என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "கேளும். உம்ம ஊருத் தராசு தப்புன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துரும். பழைய தராசு, முள்ளு சரியில்லன்னு. முடிஞ்சு போச்சு."

"தராசு தப்பு இல்லீங்களே."

"அப்போ எது தப்பு? மிளகு வழியில குட்டி போட்டுருக்கா?"

எடை எப்படிக் கூடியிருக்கும் என்று கிடங்கில் நடப்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். புடைக்கிறார்கள். சலிக்கிறார்கள். சாக்கில் போடுகிறார்கள். தராசில் ஏற்றுகிறார்கள். முள் ஐம்பதில் நிற்கிறது. இறக்குகிறார்கள். அத்தை இரண்டு கையாலும் மிளகை அள்ளி மூட்டையின் வாயில் போடுகிறார். தைக்கிறார்கள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மலையில் எதை அளந்து கொடுத்தாலும் அளந்த பிறகு மேலே இரண்டு கை போடுவோம். பிடி என்று சொல்வோம். சாமையானாலும் மிளகானாலும் அப்படித்தான். வாங்குகிறவன் கண்ணுக்கு நம் சரக்கு ஒருநாளும் குறைந்து தெரியக் கூடாது என்பதற்காக. பிடி போடாமல் மூட்டையைத் தைப்பது, வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவது மாதிரி. சின்ன வயதிலிருந்து நானும் போட்டிருக்கிறேன். அதற்கு எடை உண்டு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து செம்மேட்டுக்குப் போன் போட்டேன். பாய் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.  

"எங்க அத்தா காலத்துலருந்து பாக்கறேன்" என்றார் பாய். "அது பிடி. அது எப்படிக் கண்ணு எடையாகும்?"

"தராசு எடைங்குதுங்க, முதலாளி."

போனில் மிளகு கடிபடும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள கப்பல் போயிரும். நீயே பேசிடு சாமி" என்றார்.

"எனக்குப் பேச வராதுங்களே."

"தெரியும். வேற ஆளு இல்லியே."

மறுநாள் காலை அந்த அம்மா வருவதற்கு முன்பே போய் நின்றேன். இரவெல்லாம் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மனப்பாடம் செய்திருந்தேன். மேடம், வணக்கம், எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு என்று தொடங்கும் ஆறு வரி. அவர் வந்ததும் "மேடம்" என்றேன். மீதி வரவில்லை. அவர் வழக்கம்போல என்னைப் பார்க்காமல் சரக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தோணி பின்னாலிருந்து என் முதுகில் குத்தினார். அப்போதும் வரவில்லை.

நான் போய் நேற்று எடை போட்ட ஒரு மூட்டையின் தையலை அவிழ்த்தேன். அதை மறுபடி தராசில் ஏற்றும்படி சைகை காட்டினேன். ஐம்பது புள்ளி இரண்டு நாலு. இரண்டு கையையும் உள்ளே விட்டு, ததும்ப அள்ளி வெளியே எடுத்தேன். தராசு எண்கள் துடித்து நின்றன. நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்று.

"இப்ப குறையுதே" என்றார் அந்த அம்மா.

என் இரண்டு கையிலும் மிளகு. அதைக் கீழேயும் போட முடியாமல் நின்றேன். கையையே பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. "என் கை பெருசுங்க" என்றேன். "இது பொம்பளைங்க அள்ளுறதுங்க. எடை போட்ட பொறவு மேல ரெண்டு கை. பிடிங்க. எங்க மலையில அப்படித்தானுங்க. வாங்கறவங்க கண்ணுக்குக் கொறஞ்சு தெரியக் கூடாதுன்னு போடறதுங்க. அது எடையில்லைன்னு நெனச்சு நான் எழுதாம விட்டுட்டனுங்க."

அவ்வளவு நீளமாக நான் ஓர் அதிகாரியிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் கையிலிருந்த மிளகைத் திரும்ப மூட்டையிலேயே போட்டுவிட்டேன்.

அந்த அம்மா முதன்முறையாக என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்தோணியிடம் கொடுத்தார். வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டார். குனிந்து, இரண்டு கையையும் மூட்டைக்குள் விட்டு அள்ளினார். கிடங்கில் அத்தை அள்ளுவது போலவேதான் இருந்தது. தராசில் எண்கள் துடித்தன. ஐம்பது புள்ளி பூச்சியம் ஒன்று.

"பத்து கிராம் மிச்சம் இருக்கே" என்றார்.

"உங்க விரலு கொஞ்சம் சின்னதுங்க மேடம்."

அந்தோணி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அள்ளிய மிளகை ஒரு தாளில் கொட்டி, விரலால் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். அதிலும் அள்ளினார். நாலு மூட்டை வரை தானே அள்ளிப் பார்த்தார். நாலிலும் பத்து, இருபது கிராமுக்குள்தான் வித்தியாசம். அதோடு நிறுத்திக்கொண்டார். அத்தனை மூட்டையையும் தராசில் மட்டும் ஏற்றி உண்மையான எடையை எழுதச் சொன்னார். கொட்ட வேண்டாம் என்றார்.

மதியத்துக்குள் எடை போட்டு முடித்தோம். எடையைத் திருத்தக் கணினியில் மனு போட வேண்டியிருந்தது. மாற்றத்துக்குக் காரணம் என்று ஓர் இடம் இருந்தது. அந்த அம்மாவே உட்கார்ந்து ஆங்கிலத்தில் அடித்தார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எடை போட்ட பின் ஒவ்வொரு மூட்டையிலும் இரண்டு கை மிளகு சேர்ப்பது அந்த மலை மக்களின் வழக்கம், சோதித்து உறுதி செய்யப்பட்டது என்று இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினார்.

கடைசி முத்திரைக்காக நான் மாடியில் இன்னொரு மேசைக்குப் போனேன். அங்கிருந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு கை மிளகு நீங்கதானா?" என்றார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினேன். எங்கள் அத்தை எந்த ஊருக்கும் போனதில்லை. அந்தக் கட்டடத்தில் எத்தனை மேசை இருந்ததோ, அத்தனை மேசையும் அவருடைய இரண்டு கையைப் படித்துவிட்டது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கண்டெய்னர் கேட்டைத் தாண்டியது.

ஊர் திரும்பியதும் கிடங்கில் பஞ்சாயத்து. நான் அத்தையிடம் சொன்னேன், "இனிமே பிடிய எடைக்கு முன்னாலயே போட்டுருங்க அத்தை. மொத்தமா அம்பதுன்னு நிறுத்திடலாம்."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "எடைக்கு முன்னால போட்டா அது எடை சாமி. பிடி எப்படி ஆகும்?"

"அப்ப போடாமயே விட்டுருங்க."

"நீ எந்த ஊருக்காரன்?" என்றார் அத்தை. மற்ற பெண்கள் சிரித்தார்கள். "தூத்துக்குடிக்கு நாலு தரம் போயிட்டு வந்தா பிடி கெடையாதா? மூட்டையில நம்ம மலைப் பேரை அச்சடிச்சு வச்சுட்டு, பிடி போடாம அனுப்பச் சொல்றியா?"

பாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயில் மிளகு இருந்ததால் உடனே பேசவில்லை. காரம் இறங்கியதும் சொன்னார். "ரெண்டு தரம் எடை போடலாம். மொத எடை இவுங்களுக்கு. அம்பதுல நிறுத்திட்டுப் பிடியப் போட்டுக்கட்டும். தைச்ச பொறவு ரெண்டாவது எடை கம்ப்யூட்டருக்கு. அது என்ன காட்டுதோ அதை எழுது. மூட்டை மூட்டையா எழுது."

"எரநூத்தி நாப்பது வரி வருமுங்க, முதலாளி."

"வரட்டுமே. அது வாங்கிக்கிடும்னு நீதானே சொன்னே."

பாய் மின்னணுத் தராசு ஒன்று வாங்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டைக்கும் ஓர் எடை. கொஞ்ச நாளில் எண்ணைப் பார்த்தே மூட்டை பிடித்தவர் யார் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. ஐம்பது புள்ளி இரண்டு நாலு என்றால் செல்லம்மா அத்தை. இரண்டு ஏழு என்றால் பெரியக்கா, அவருக்குக் கை அகலம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு எங்கள் செம்மேட்டு ஆபீசுக்கே கணினி வந்தது. போன் லைன் வழியாக இங்கிருந்தே துறைமுகத்துக்கு விவரம் அனுப்பலாம் என்றார்கள். முதல் முறை அனுப்பிய நாள் மழை. மூன்று தடவை லைன் அறுந்தது. நாலாவது தடவை போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து எங்கள் இருநூற்று நாற்பது வரிகள் கடற்கரைக்குப் போய்விட்டன. நானும் பாயும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. நான் எடுத்தேன். அந்த அம்மாவின் குரல்.

"கொல்லிமலையா? நூற்றுப் பதினேழாவது மூட்டை. எல்லாம் ஐம்பது புள்ளி இரண்டுக்கு மேலே இருக்கு. இது மட்டும் ஐம்பது புள்ளி ஒன்று ஒன்று. தப்பா அடிச்சிட்டீங்களா?"

எனக்கு அந்த மூட்டை ஞாபகம் இருந்தது. "தப்பில்லீங்க மேடம்" என்றேன். "அது எங்க முதலாளி மகளுங்க. பள்ளிக்கூட லீவுக்கு வந்திருக்குது. நானும் பிடி போடுவேன்னு அழுதுச்சுங்க. அது கை அவ்வளவுதானுங்க."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. அப்படியே இருக்கட்டும்" என்றார். வைக்கும் முன், "கை வளர்ந்ததும் திருத்தி அனுப்புங்க" என்றும் சொன்னார்.

பாப்பா, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஐம்பதாக்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அதற்கு முன்னால் ஒரு நாள் கிடங்குக்குப் போய், எடை போட்ட மூட்டை ஒன்றில் இரண்டு கை போட்டுவிட்டுத் தராசைப் பாருங்கள். என்ன எண் வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.